பதினேழு ஆண்டு கழித்து ஓர் இருமல்

பலமாக ஒருமுறை இருமினால் வயிற்றுக்குள் எழும் அழுத்தம், ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தன் அடியில் தரும் அழுத்தத்தைத் தாண்டிவிடக்கூடும். அந்த அழுத்தம் நுரையீரலோடு நிற்பதில்லை. கீழே அரை லிட்டர் வரை திரவத்தை ஏந்திக்கொண்டிருக்கும் சிறுநீர்ப்பையையும் அது அமுக்குகிறது. பையின் வாயில் திருகு கிடையாது, மூடி கிடையாது. அங்கிருந்து வெளியே செல்லும் வடிகுழாய் ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. நீளம். பெண்களுக்கு நான்கே செ.மீ.; ஒரு தீப்பெட்டியின் நீளம்கூட இல்லை. இவ்வளவு குட்டையான குழாயை வைத்துக்கொண்டு அவ்வளவு அழுத்தத்தை உடல் சமாளிக்கிறது. கசிவதை விடக் கசியாமல் இருப்பதுதான் பெரிய ஆச்சரியம்.

ஆனாலும் பலருக்குக் கசிகிறது. பல நாடுகளில் எடுத்த கணக்கெடுப்புகளில், வயதுவந்த பெண்களில் 25 முதல் 45 சதவீதம் பேர் எப்போதாவது சிறுநீர் கசிவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தும்மும்போது, குனிந்து குடம் தூக்கும்போது, வயிறு குலுங்கச் சிரிக்கும்போது, கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள். ‘பிள்ளை பெத்தா இதெல்லாம் சகஜம்’ என்று மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருக்கும். சிகிச்சைகளோ ஏராளம்: பயிற்சி, மாத்திரை, ஊசி, நாடா, மின்துடிப்பு. இவற்றில் எது பலிக்கும் என்று கேட்பது எளிது. எத்தனை காலம் பலிக்கும் என்று கேட்டால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. மூன்று மாதத்தில் கிடைக்கும் பதிலும் பத்தாண்டில் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருப்பதில்லை.

அந்தப் பதில்களைப் புரிந்துகொள்ள, இந்த உறுப்பு நன்றாக வேலை செய்யும்போது என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

நிரம்பியும் அழுத்தாத பை

சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர் வீதம் இரவு பகலாகச் சிறுநீரைச் சொட்டவிடுகின்றன. நாள் முடிவில் அது ஒன்றரை லிட்டர் ஆகிவிடும். மீள்தன்மையுள்ள எந்தப் பையும் நிரம்ப நிரம்ப எதிர்த்து அழுத்தத்தான் செய்யும். சிறுநீர்ப்பை மட்டும் விதிவிலக்கு. 400 மி.லி. சேர்ந்த பிறகும் அதனுள் அழுத்தம், பத்துப் பதினைந்து செ.மீ. உயரத் தண்ணீரின் அளவைத் தாண்டுவதில்லை. ‘டெட்ரூசர்’ எனப்படும் சுவர்த்தசை நரம்புகளின் உத்தரவுப்படி தளர்ந்து இடம் விட்டுக்கொண்டே போகிறது. உட்புறத்தை மூடியிருக்கும் ‘குடைச் செல்கள்’ இன்னொரு வித்தை செய்கின்றன. பை விரியும்போது, தமக்குள் ஒதுக்கி வைத்திருக்கும் சவ்வுத் துணுக்குகளை மேற்பரப்பில் சேர்த்துத் தம் பரப்பைப் பெருக்கிக்கொள்கின்றன. பை காலியானதும் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இத்தனை நெகிழ்ந்தும் கழிவுநீர் உடலுக்குள் திரும்பிக் கசிவதில்லை.

ஒரு நாளின் 1,440 நிமிடங்களில் பை காலியாவதற்கு எடுத்துக்கொள்வது மூன்று, நான்கு நிமிடங்கள்தான். மீதி நேரமெல்லாம் காவல் வேலை. அந்தக் காவலின் தலைமையகம் தண்டுவடத்தின் அடிப்பகுதியில் இருக்கிறது. ப்ரோனிஸ்லாவ் ஓனுஃப்ரோவிச் 1899-ல் விவரித்த சிறிய நரம்புச் செல் கொத்து அது. ‘ஓனுஃப் கரு’ என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. வடிகுழாயைச் சுற்றியிருக்கும் சுருக்குத்தசைக்கு உத்தரவு இங்கிருந்துதான் போகிறது. இதற்கு ஒரு விசித்திர குணம் உண்டு. உடலின் இயக்க நரம்புகளை ஒவ்வொன்றாக அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயில்கூட இந்தக் கொத்து பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

எப்போது திறக்கலாம் என்பதை முடிவு செய்யும் இடம் மேலே, மூளைத்தண்டில். பிரிட்டிஷ் மருத்துவர் ஃப்ரெடரிக் பாரிங்டன் பூனைகளை ஆராய்ந்து 1925-ல் அதை அடையாளம் காட்டினார். அங்கிருந்து உத்தரவு வந்தால் சுருக்குத்தசை தளரும், சுவர்த்தசை சுருங்கும். இரண்டும் அடுத்தடுத்து, முறை தவறாமல். அதற்கும் மேலே மூளையின் முன்பகுதி ‘பஸ்ஸில் இருக்கிறோம், இப்போது வேண்டாம்’ என்று அந்த உத்தரவை நிறுத்தி வைத்துக்கொண்டிருக்கிறது.

இரண்டு விதமாகப் பழுதாகலாம்

இப்படிப்பட்ட அமைப்பு இரண்டு இடங்களில் தவறலாம். வாசல் வலுவிழந்தால் இருமல், தும்மல், பளு தூக்குதல் போன்ற வயிற்றழுத்தத்தில் கசியும். இது அழுத்தக் கசிவு. மன அழுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாசல் சரியாக இருந்தும் சுவர்த்தசை கேட்காமலே சுருங்கினால், திடீரென முட்டிக்கொண்டு வந்து அடக்க முடியாமல் போகும். இது அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் நிறையப் பேர். இந்த வேறுபாடு முக்கியம். ஒன்றுக்கான சிகிச்சை பெரும்பாலும் மற்றதற்கு உதவாது. சில நேரம் அதைக் கிளறிவிடவும் கூடும்.

அழுத்தக் கசிவு எப்படி வருகிறது என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டிலான்சி 1994-ல் அழகான விளக்கம் ஒன்றைக் கொடுத்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைச் சிமெண்டுத் தரையில் வைத்து மிதித்தால் நீர் நின்றுவிடும். சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் புதைந்துபோகும், நீர் ஓடிக்கொண்டே இருக்கும். காலின் பலம் ஒன்றுதான், மாறியது தரை. வடிகுழாய்க்கு அடியில் இருக்கும் திசுக்களும் இடுப்புத்தளத் தசைகளும்தான் அந்தத் தரை. அவை உறுதியாக இருந்தால், இருமலின் அழுத்தமே குழாயை நசுக்கி மூடிவிடுகிறது. கசிய வைக்க வேண்டிய விசையே கசிவைத் தடுக்கிறது!

பிரசவம் அந்தத் தரையைத் தளர்த்துகிறது. நார்வேயில் 15,307 பெண்களிடம் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. சுகப்பிரசவம் ஆனவர்களில் 21 சதவீதம் பேருக்குக் கசிவு இருந்தது. சிசேரியன் மட்டுமே செய்துகொண்டவர்களில் 15.9 சதவீதம். பிள்ளையே பெறாதவர்களிலும் 10.1 சதவீதம் பேருக்கு இருந்தது. ஆகப் பிரசவம் பெரிய காரணம்தான், ஆனால் ஒரே காரணம் அல்ல. சிசேரியனும் முழுக் கவசம் அல்ல. ஒன்பது மாதம் சுமந்ததற்கும் அதில் பங்கு உண்டு.

தசைக்குப் பாடம்

தளர்ந்தது தசை என்றால் அதைப் பயிற்றுவிக்கலாமே? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-ல் இந்த யோசனையை முறைப்படுத்தினார். தசை எவ்வளவு பலமாகச் சுருங்குகிறது என்பதைப் பெண்களே பார்த்துத் தெரிந்துகொள்ள ஓர் அழுத்தமானியையும் உருவாக்கினார். கண்ணுக்குத் தெரியாத தசைக்கு முள்ளில் அளவு காட்டிய கருவி அது. இன்றைய வழக்கம், ஒரு தடவைக்கு எட்டுச் சுருக்கங்களாவது, நாளுக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல் உள்ளே இறுக்கி மேலே இழுக்க வேண்டும். வயிற்றையோ தொடையையோ இறுக்கக் கூடாது.

இவ்வளவு சாதாரணமான ஒன்று எவ்வளவு பலிக்கும்? பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2018-ல் பார்த்தபோது, அழுத்தக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள்.

இதைவிட வியப்பானது டிலான்சி குழுவின் 1998 ஆய்வு. தசையைப் பலப்படுத்தக்கூட இல்லை. இருமுவதற்குச் சற்று முன் அதை இறுக்கிக்கொள்ளும் நேரத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே வாரத்தில், மிதமான இருமலில் கசியும் அளவு 98 சதவீதமும் பலமான இருமலில் 73 சதவீதமும் குறைந்தது. ஒரு வாரத்தில் எந்தத் தசையும் பருத்துவிடாது. ஆரோக்கியமான உடல், இருமலின் அழுத்தம் வந்து சேரும் முன்பே வாசலைத் தானாக இறுக்கிக்கொள்கிறது. மறந்துபோன அந்த முன்னெச்சரிக்கையை மூளை கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

இனிக் காலத்தைக் கேட்போம். நார்வேயில் ஒரு பயிற்சி ஆய்வில் கலந்துகொண்ட பெண்களை 15 ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்தார்கள். அன்று பயிற்றுநர் முன்னிலையில் தீவிரமாகப் பயின்ற குழு, வீட்டிலேயே செய்த குழுவை நன்றாகவே முந்தியிருந்தது. 15 ஆண்டில் அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. இரு குழுக்களிலும் பாதிப்பேர் இதற்கிடையே அறுவை செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சி தோற்றுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. தசை எதுவும் பழைய உழைப்பின் பலனைச் சேமித்து வைத்துக்கொள்வதில்லை. நிறுத்தினால் குறையும், விட்ட இடத்தில் தொடங்கினால் மறுபடி ஏறும்.

உடல் எடைக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவில் அதிக எடையுள்ள 338 பெண்களிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீத எடையைக் குறைத்தவர்களுக்கு வாராந்தரக் கசிவுகள் 47 சதவீதம் குறைந்தன. 80 கிலோ உள்ளவர் ஆறரை கிலோ இறக்கினாலே வாசலுக்குப் பளு தெரியும்படி குறைகிறது.

ஒரே அறுவை, வேறு வேறு விடை

பயிற்சி போதாதபோது கத்தி. 1961-ல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜான் பர்ச், தொங்கிப்போன பகுதியை இருபுறமும் தையலிட்டு இடுப்பெலும்பின் தசைநாரோடு தூக்கிக் கட்டும் முறையை விவரித்தார். பல பத்தாண்டுகள் அதுவே முதன்மை முறையாக இருந்தது. இன்னொரு முறையில், வயிற்றுச் சுவரிலிருந்து சொந்தத் தசையுறையை ஒரு பட்டையாக வெட்டியெடுத்து வடிகுழாய்க்கு அடியில் தாங்கலாகக் கொடுத்தார்கள்.

பர்ச் அறுவைக்குப் பின் ஐந்தாண்டில் எத்தனை பேர் கசிவின்றி இருக்கிறார்கள்? பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, ஏறத்தாழ 70 சதவீதம் என்றது. அமெரிக்காவில் 655 பெண்களிடம் பர்ச் முறையையும் தசையுறைப் பட்டையையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வைத் தொடர்ந்து ஐந்தாம் ஆண்டில் எண்ணியபோது, பர்ச் குழுவில் 24.1 சதவீதம், பட்டைக் குழுவில் 30.8 சதவீதம். அறுவை ஒன்றே. ஓரிடத்தில் பத்தில் ஏழு பேர், இன்னோரிடத்தில் நான்கில் ஒருவர்!

இதன் மர்மம் அளவுகோலில் இருக்கிறது. அமெரிக்க ஆய்வு மிகக் கறாரானது. மூன்று நாள் குறிப்பேட்டில் எந்த வகைக் கசிவாவது ஒன்று பதிவாகியிருந்தாலும் தோல்வி. கேள்வித்தாளில் அழுத்தக் கசிவு இருப்பதாகச் சொன்னாலும் தோல்வி. மறுபடி அறுவை செய்துகொண்டாலும் தோல்வி. ஆனால் அதே பெண்களிடம் ‘திருப்தியா?’ என்று கேட்டபோது பர்ச் குழுவில் 73 சதவீதம் பேரும், பட்டைக் குழுவில் 83 சதவீதம் பேரும் ஆம் என்றார்கள். முன்பு நாளெல்லாம் நனைந்தவர், இப்போது வாரத்துக்கு ஒருமுறை சில சொட்டுக் கசிந்தால், ஆய்வேட்டில் அவர் தோல்வி. தன் வாழ்க்கையில் அவர் வெற்றி. இரண்டும் பொய்யில்லை.

உள்ளங்கை அகலம்கூட இல்லாத நாடா

சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தூக்கிக் கட்டுவதுதான் தீர்வு என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பீட்டர் பெட்ரோஸும் சுவீடனின் உல்ஃப் உல்ம்ஸ்டனும் 1990-ல் அதை மறுத்தார்கள். தூக்க வேண்டாம்; குழாயின் நடுப்பகுதிக்கு அடியில் ஒரு தாங்கல் இருந்தாலே போதும் என்றார்கள். சேற்றுத் தரையில் ஒரு பலகையைப் போடுவதுதான் யோசனை. 1996-ல் உல்ம்ஸ்டன் குழு அந்த அறுவையை விவரித்தது. ஒரு செ.மீ. அகலமுள்ள பாலிப்ரொப்பிலீன் வலைநாடா, சிறு கீறல்கள், ஏறத்தாழ அரை மணி நேரம்.

அதில் இரண்டு புத்திசாலித்தனங்கள் ஒளிந்திருந்தன. முதலாவது, நாடாவை எதனோடும் தைக்கவில்லை. சொரசொரப்பான வலை திசுக்களின் பிடிப்பிலேயே நிற்கும். சில வாரங்களில் உடலின் திசு அதன் கண்ணிகளுக்குள் வளர்ந்து கட்டிக்கொள்ளும். கிருமிகளை விழுங்கும் பெரிய வெள்ளணுக்களும் புகுந்து வரும்படி கண்ணிகள் அகலமாக இருந்தன. இரண்டாவது, பெண்ணை முழு மயக்கத்தில் ஆழ்த்தவில்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்துவிட்டு, அறுவை மேசையிலேயே அவரை இருமச் சொன்னார்கள். கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் நாடாவைச் சரிசெய்தார்கள். இறுக்கினால் சிறுநீர் போகாது, தளர்த்தினால் நிற்காது. அந்த இடைநிலையைக் கண்டுபிடித்துச் சொன்ன கருவி, நோயாளியின் இருமல்.

1995, 96-ல் நார்டிக் நாடுகளின் மூன்று மருத்துவமனைகளில் இப்படி நாடா வைத்துக்கொண்ட 90 பெண்களை மருத்துவர்கள் விடவே இல்லை. 17 ஆண்டு கழித்து, அணுக முடிந்தவர்களில் 78 சதவீதம் பேரை நேரிலோ தொலைபேசியிலோ கண்டுபிடித்தார்கள். நேரில் வந்தவர்களை மறுபடி இருமச் சொன்னார்கள். பத்தில் ஒன்பது பேருக்குமேல் கசியவில்லை. 87 சதவீதம் பேர் தாங்கள் குணமானதாகவோ நன்றாக முன்னேறியதாகவோ உணர்ந்தார்கள்.

இங்கும் அளவுகோல் தன் வேலையைக் காட்டாமல் இல்லை. நார்வேயில் அதே வகை நாடாவைப் பத்தாண்டு சுமந்த 483 பெண்களைப் பரிசோதித்தபோது மூன்று விடைகள் கிடைத்தன. இருமல் பரிசோதனையில் கசியாதவர்கள் 89.9 சதவீதம். மிகவும் திருப்தி என்றவர்கள் 82.6 சதவீதம். முழுக் குணம் என்று தாங்களே சொன்னவர்கள் 76.1 சதவீதம். அமெரிக்காவில் கறாரான விதிகளோடு நடந்த இன்னோர் ஆய்வில், இதே வகை நாடாவின் ஐந்தாண்டு வெற்றி 51.3 சதவீதமாக இறங்கியது. ‘எத்தனை சதவீத வெற்றி?’ என்ற கேள்விக்கு ஒற்றை எண் பதிலாக வந்தால், அது யாருடைய அளவுகோல் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நார்வே ஆய்வு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. அறுவை முடிந்த முதல் ஆண்டுக்குள் புதிதாக அவசரக் கசிவு வந்தவர்கள் 4.1 சதவீதம். பத்தாண்டில் அது 14.9 சதவீதம். இதில் நாடாவின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். 50 வயதில் நாடா வைத்துக்கொண்டவருக்கு இப்போது 60. அழுத்தக் கசிவை நாடா நிறுத்திக்கொண்டே இருக்கலாம். வேறொரு கசிவு வேறொரு காரணத்தால் தொடங்கியிருக்கலாம். நீண்ட கால ஆய்வு எதுவும் சிகிச்சையை மட்டும் அளப்பதில்லை. முதுமையையும் சேர்த்தே அளக்கிறது.

தொண்ணூறு பேரில் தெரியாதது

அந்த 90 பெண்களில் நாடா திசுவைத் துளைத்து லேசாக வெளித்தெரிந்தது ஒரே ஒருவருக்குத்தான், அவருக்கும் தொந்தரவில்லை. ஆனால் உலகம் முழுக்க லட்சக்கணக்கானோருக்கு நாடா வைத்தபோது வேறொரு படம் தெரிந்தது. தீராத வலி, தாம்பத்திய உறவில் வேதனை, திசுவைத் துளைத்து வெளிவரும் வலை. கண்ணிகளுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்வதுதான் நாடாவின் பலம் என்று பார்த்தோம். எடுக்க வேண்டிவந்தால் அதுவே பெரும் சிக்கல். முழுவதையும் வெளியே எடுப்பது, வைத்ததைவிடப் பலமடங்கு கடினமான அறுவை.

இங்கிலாந்தில் நாடா வைத்துக்கொண்ட 95,057 பெண்களின் மருத்துவமனைப் பதிவுகளை அலசிய ஆய்வு 2018-ல் வெளியானது. ஒன்பது ஆண்டுக்குள் 3.3 சதவீதம் பேருக்கு நாடாவை, முழுதாகவோ பகுதியாகவோ, எடுக்க வேண்டி வந்திருந்தது. நூற்றில் மூன்று என்றால் சின்னதாகத் தெரியும். லட்சத்தில் அது மூவாயிரத்துக்குமேல். வலியைச் சகித்துக்கொண்டு அறுவைக்கு வராதவர்கள் இந்தக் கணக்கில் சேரவும் இல்லை. நூற்றில் மூவருக்கு வரும் துன்பத்தை 90 பேர் ஆய்வு தவறவிடுவது ஆய்வாளரின் குற்றமல்ல. சிறிய எண்ணிக்கையின் இயல்பு அது. வெற்றியைக் காண நூறு பேர் போதும். அரிய தீங்கைக் காண லட்சம் பேர் வேண்டும்.

பாதிக்கப்பட்ட பெண்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்ததைப் பலர் காதில் வாங்கவில்லை. கடைசியில் பிரிட்டன் அரசு, ஜூலியா கம்பர்லெஜ் தலைமையில் ஒரு விசாரணையை அமைத்தது. 2018 ஜூலையில் இங்கிலாந்தில் இந்த அறுவைகள் நிறுத்திவைக்கப்பட்டன. 2020-ல் வந்த விசாரணை அறிக்கை மருத்துவ அமைப்பையே கடுமையாகச் சாடியது. விளைவு ஒரு விசித்திரமான திரும்பல். ஓய்வுபெறவிருந்த பர்ச் முறையையும் சொந்தத் தசையுறைப் பட்டையையும் இளைய மருத்துவர்கள் மறுபடி கற்கத் தொடங்கினார்கள்.

கீறலே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு கூழ் உண்டு. 97.5 சதவீதம் தண்ணீரும் 2.5 சதவீதம் பாலிஅக்ரிலமைடும் கொண்டது. அதை வடிகுழாயின் சுவருக்குள் மூன்று, நான்கு இடங்களில் ஊசியால் ஏற்றினால், சுவர் உப்பி வாசல் குறுகும். ஹெல்சின்கியில் நாடாவோடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது நாடாவே ஜெயித்தது. ஆனால் சிக்கல்கள் கூழில் குறைவு. குறைந்த பலனா, குறைந்த ஆபத்தா என்பதை எந்த ஆய்வும் முடிவு செய்து தராது. அது அந்தப் பெண் எடுக்க வேண்டிய முடிவு.

நஞ்சும் மின்சாரமும்

அவசரக் கசிவின் கதை வேறு. இங்கே அடங்காதது சுவர்த்தசை. அதை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் பல உண்டு. அவை பலிக்கவும் செய்கின்றன, விழுங்கினால்! பழைய வகை மாத்திரைகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும். பிரிட்டனில் மருந்துச்சீட்டுப் பதிவுகளைப் பார்த்தபோது, ஓராண்டுக்குப் பிறகும் அவற்றைத் தொடர்ந்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் மேல் இல்லை. வேறு வழியில் தசையைத் தளர்த்தும் மிராபெக்ரானைத் தொடர்ந்தவர்கள் 38 சதவீதம். மாத்திரையின் நீண்ட காலப் பலன் என்பது, பாதிக்குமேல், அதை நிறுத்தியவர்களின் கதைதான்.

அடுத்த கட்டம் கேட்டாலே பயம் தரும்: பாட்யூலினம் நஞ்சு. உலகின் மிகக் கொடிய நஞ்சுகளில் ஒன்றை, நானோகிராம் கணக்கில், மெல்லிய ஊசியால் பையின் சுவரில் இருபது இடங்களில் போடுகிறார்கள். நரம்பு முனையிலிருந்து தசைக்குச் செய்தி போவதற்குத் தேவையான ஒரு புரதத்தை அது வெட்டிவிடுகிறது. தசை அமைதியாகிறது. உடல் அந்தப் புரதத்தைத் திரும்ப உருவாக்கும்வரைதான் பலன்; சராசரியாக ஏழரை மாதம். பிறகு மறுபடி ஊசி. மூன்றரை ஆண்டு தொடர்ந்து பார்த்ததில், ஒவ்வொரு ஊசிக்கும் பலன் ஏறக்குறைய அதே அளவில் கிடைத்தது. ஒரு சிலருக்குத் தசை அளவுக்கு மீறி அமைதியாகிவிடும். சிறுநீர் தானாகப் போகாது. கொஞ்ச காலம் மெல்லிய குழாய் செருகி வெளியேற்ற வேண்டிவரும்.

மருந்தே இல்லாத வழியும் உண்டு. கலிஃபோர்னியாவில் எமில் தனாகோவும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் உருவாக்கிய முறையில், முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பின் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, மூன்றாவது திரிக நரம்பை மென்மையான மின்துடிப்பால் தொடர்ந்து தூண்டுகிறார்கள். 1997-ல் அமெரிக்கா இதை அனுமதித்தது. இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. முதலில் தற்காலிகக் கம்பியோடு சில நாள் சோதித்துப் பார்ப்பார்கள். தொல்லை பாதியாகக் குறைந்தவர்களுக்கு மட்டுமே நிரந்தரக் கருவி. அப்படிப் பொருத்திக்கொண்டு ஐந்தாண்டு தொடர் பரிசோதனையை முடித்தவர்களில் 82 சதவீதம் பேருக்குப் பலன் நிலைத்திருந்தது. முன்கூட்டியே வடிகட்டியவர்களில், தொடர்ந்து வந்தவர்களை மட்டும் எண்ணிக் கிடைத்த எண் இது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அந்தத் திரிக நரம்பை எட்ட முதுகுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கணுக்காலின் உட்புறம் ஓடும் நரம்பின் வேரும் அங்கேதான் போய்ச் சேருகிறது. கணுக்காலுக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய ஊசியைச் செருகி, வாரம் அரை மணி நேரம் வீதம் பன்னிரண்டு வாரம் மின்துடிப்பு கொடுத்தால், மேலே சிறுநீர்ப்பை அமைதியாகிறது. காலுக்கும் பைக்கும் இடையே இப்படி ஓர் உறவு இருப்பது, நரம்பு வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தோன்றும்.

யாரிடம் என்ன கேட்பது

இத்தனையையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பயிற்சியின் பலன் செய்யும்வரை. மாத்திரையின் பலன் விழுங்கும்வரை. நஞ்சின் பலன் புரதம் திரும்பும்வரை. அறுவையின் பலன் ஆண்டுகளில் மெல்ல இறங்குகிறது. அதன் தீங்கு, வந்தால், ஆண்டுகள் கழித்தும் வரலாம். எனவே எளிதில் நிறுத்தக்கூடியதிலிருந்து தொடங்கி, திரும்பப் பெற முடியாததை நோக்கி ஒவ்வொரு படியாகப் போவதையே மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. அதே சமயம் பயிற்சியிலேயே எல்லோரையும் நிறுத்திவிடவும் முடியாது. நெதர்லாந்தில் 460 பெண்களிடம் நடந்த ஆய்வில், பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 49 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் தாங்களாகவே அறுவையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் நான்கு கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கலாம். எனக்கு இருப்பது எந்த வகைக் கசிவு? நீங்கள் சொல்லும் சதவீதம் எத்தனை ஆண்டுக் கணக்கு? அதில் ‘குணம்’ என்று எண்ணியது இருமல் பரிசோதனையையா, அந்தப் பெண்களின் வாக்கையா? பலிக்காவிட்டால் இதைத் திரும்பப் பெற முடியுமா?

ஐந்தாவது கேள்வி மருத்துவமனைக்கு: பத்தாண்டு கழித்து என்னை யார் கூப்பிட்டுக் கேட்பீர்கள்? நார்வே 483 பெண்களைத் தேடிப்பிடிக்க முடிந்ததற்குக் காரணம், அறுவை செய்துகொண்ட பெண்களுக்கென 1998-லேயே தேசியப் பதிவேடு ஒன்றை அது தொடங்கியிருந்ததுதான். நாடாவைக் கண்டுபிடிக்க இரண்டு மேதைகள் தேவைப்பட்டார்கள். பதிவேட்டுக்குத் தேவைப்படுவது பெயரும் தேதியும் எழுதி வைக்கும் ஓர் எழுத்தர், மறக்காமல் அனுப்பும் ஒரு கடிதம். எந்தச் சிகிச்சை நீடிக்கிறது, எது காயப்படுத்துகிறது என்ற இரண்டையும் முதலில் சொல்லப்போவது அந்தக் கடிதத்துக்கு வரும் பதில்கள்தான்.